பெஞ்சில் உட்கார்ந்து தேர்ந்தெடுத்த கடிகாரம்

ஓய்வுபெற்ற மறுநாளே எனக்கு ஒரு சுவிஸ் கைக்கடிகாரம் தேவைப்பட்டது. எங்கேயும் எத்தனை மணிக்கும் போகவேண்டிய அவசியம் இல்லாதவனுக்குத்தான் நேரம் துல்லியமாகத் தெரியவேண்டும் என்பது என் கட்சி. என் மனைவி அந்தக் கட்சியில் சேரவில்லை.

"வீட்டுல திரும்பின பக்கமெல்லாம் கடிகாரம். மைக்ரோவேவ்கூட மணி காட்டுது. இதுக்கு மேல எதுக்குங்க?"

"மைக்ரோவேவைக் கையில கட்டிக்கிட்டு நாலு பேர் முன்னாடி போக முடியுமா?"

"நாலு பேரும் உங்க தொப்பையைத்தான் பார்ப்பாங்க. கை வரைக்கும் கண்ணு போகாது."

தொப்பை விஷயத்தில் டாக்டரும் அவள் பக்கம்தான். தினமும் நடக்காவிட்டால் என் முழங்கால்கள் என்னைத் தூக்கமாட்டோம் என்று ஒருநாள் வேலைநிறுத்தம் செய்யும் என்று அவர் எச்சரித்திருந்தார். எனவே மனைவி ஒரு ஒப்பந்தம் போட்டாள். தினமும் காலையில் பூங்காவில் எட்டுச் சுற்று நடந்தால், ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் என் பங்கை எடுத்துக் கடிகாரம் வாங்கிக்கொள்ளலாம். டிமிக்கி கொடுத்தால் அந்தப் பணம் குளியலறை டைல்ஸுக்கு. "வாங்கினதுக்கு அப்புறம் குட்டு வெளிப்பட்டாலும் சரி, வாச் என் கைக்கு வந்துடணும்" என்று ஒரு வாலையும் ஒட்டிவைத்தாள். ஒப்பந்தத்தின் வாலை யார் படிக்கிறார்கள்?

முதல் நாள் அரைச் சுற்று நடந்தேன். நடுவே ஒரு பெஞ்ச் இருந்தது. பூமியிலுள்ள பெஞ்சுகளிலேயே அவ்வளவு பாசமுள்ள பெஞ்ச் வேறு கிடையாது. அதில் ஏற்கெனவே ஒரு பல் டாக்டர், அவரும் ஓய்வுபெற்றவர், நடக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். பார்த்ததுமே இருவருக்கும் புரிந்துவிட்டது. அன்றிலிருந்து அந்தப் பெஞ்சே எங்கள் ஆராய்ச்சிக்கூடம். செல்போனில் சுவிட்சர்லாந்தையே உருட்டிப் பார்த்தோம்.

அரண்மனையை விற்று வாங்கவேண்டிய கடிகாரங்களைத் தொடக்கத்திலேயே தள்ளிவிட்டோம். தெருவோரத்தில் கூறுகட்டி விற்பதையும் தள்ளினோம். நடுவில் நின்றவை லாஞ்சின்ஸ், ராடோ, ஓரிஸ். பல் டாக்டர் ராடோவின் காலடியில் விழுந்து கிடந்தார்.

"செராமிக் சார்! கீறலே விழாது. ஆயுசு பூரா செராமிக் பல்லு கட்டினவன் சொல்றேன், நம்புங்க."

"அதான் எனக்குப் பயமா இருக்கு. மணி பார்க்கறப்பல்லாம் வாயைத் திறக்கணும்போல இருக்கு."

லாஞ்சின்ஸின் சின்னம் இறக்கை முளைத்த மணற்கடிகாரம். கடைக்கே போய் அதைக் கட்டிப் பார்த்தபோது அங்கிருந்த கண்ணாடியில் ஒரு நீதிபதி நின்றார். கழுத்துக்கு மேலே பார்த்தேன், நான்தான் இருந்தேன். ஓரிஸோ முதுகுப்பக்கம் கண்ணாடி வைத்தது. உள்ளே சிவப்பாக ஒரு பாதிச் சக்கரம் சுற்றும். காலையில் லாஞ்சின்ஸ், மதியம் ஓரிஸ், இரவில் ராடோ என்று என் மனம் ஒரே நாளில் மூன்று முறை தாவும். மாப்பிள்ளை பார்க்கப் போன பெண்வீட்டார்கூட இவ்வளவு விசாரித்திருக்கமாட்டார்கள். கடையில் இருந்த விற்பனைப் பெண் என் தலையைக் கண்டதும் மூன்று கடிகாரத் தட்டையும் எடுத்து வைத்துவிட்டு சாப்பிடப் போய்விடுவாள். திரும்பி வரும்போது நான் இன்னும் இரண்டாவது தட்டில்தான் இருப்பேன்.

வீட்டுக்குக் கிளம்பும் முன் பூங்காக் குழாயில் தண்ணீர் பிடித்துச் சட்டையின் முதுகில் அடித்துக்கொள்வேன். கலைநயத்தோடு நெற்றியிலும் நாலு துளி.

"தினம் எட்டுச் சுத்து நடக்கிறீங்க, எடை ஒரு கிராம் குறையலையே?" என்பாள் மனைவி.

"கொழுப்பெல்லாம் தசையா மாறிக்கிட்டு இருக்கு."

"ஷூகூடத் தேயலையே?"

"அது நான் நடக்கிற நேர்த்தி."

கடைசியில் ஓரிஸைத் தேர்ந்தெடுத்தேன். காரணம் அந்தச் சிவப்புச் சக்கரம். வாங்கி வந்த அன்று மனைவியை உட்காரவைத்து ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். "இதுக்கு பேட்டரி கிடையாது, சாவி கொடுக்கவும் வேண்டாம். கை அசையற அசைவுல இந்தச் சக்கரம் சுத்தும், அது சுத்தினா ஸ்பிரிங் முறுக்கிக்கும். என் உசுருலதான் இது ஓடுது, தெரியுமா?" அவள் கொட்டாவி விட்டாள். சாதாரண அசைவே போதும் என்று எங்கோ படித்திருந்தேன். நான் சாதாரண மனிதன்தானே என்று விட்டுவிட்டேன்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை, கடிகாரம் நின்றது. குலுக்கினேன், ஓடியது. சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தேன், கொஞ்ச நாளில் மறுபடி நின்றது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சுவிட்சர்லாந்துக்கே ஒரு கண்டனக் கடிதம் அனுப்புவேன் என்று வீடு அதிரக் கத்தினேன். "கடைக்குத்தானே போறீங்க? இருங்க, நானும் வரேன்" என்று மனைவி செருப்பை மாட்டினாள். நான் யாரையாவது திட்டுவதைப் பார்ப்பதில் அவளுக்கு ஓர் ஆனந்தம்.

கடையின் பின்னறையில் இருந்த பழுதுபார்ப்பவர், கண்ணில் பூதக்கண்ணாடி செருகியவர், கடிகாரத்தை வாங்கி ஒரு சின்ன எந்திரத்தில் மாட்டினார். அது கடிகாரத்தின் துடிப்பைக் கேட்டுத் திரையில் கோடு போட்டது. கோடு நேராகப் போனது.

"வாச் முத்து மாதிரி ஓடுது சார். தாளம் கொஞ்சம்கூடப் பிசகலை."

"அப்புறம் ஏன் நிக்குது?" என்று மேசையைத் தட்டினேன்.

அவர் மிகுந்த மரியாதையோடு குரலைத் தாழ்த்தி, என்னை விட்டுவிட்டு மனைவியிடம் கேட்டார்: "மேடம், சாருக்கு உடம்பு முடியலையா? படுக்கையிலேயே இருக்கிறவங்க கட்டினாத்தான் இப்படி நின்னுபோகும்."

"படுக்கையா? இவர் தினம் பார்க்ல எட்டுச் சுத்து நடக்கிறார்."

"எட்டுச் சுத்தா? அப்படி நடந்தா நிக்கவே நிக்காதே மேடம்."

கடையிலிருந்த அத்தனை கடிகாரங்களும் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. விற்பனைப் பெண் இரக்கப்பட்டு ஒரு கயிறு போட்டாள்: "சார் நடக்கும்போது கையை ஆட்டாம நடப்பாரோ என்னவோ..."

தாவிப் பிடித்துக்கொண்டேன். "அதேதான்மா! நான் கையைப் பின்னால கட்டிக்கிட்டு நடக்கிறவன். சிந்தனையாளர்கள் அப்படித்தான் நடப்பாங்க."

மனைவி மெதுவாகத் திரும்பினாள். "பின்னால கட்டிக்கிட்டா? அப்ப முதுகு மட்டும் எப்படி தினம் தொப்பலா நனையுது? கை அழுத்தின கசங்கல்கூட இல்லாம?"

பூட்டுத் தொழிற்சாலையில் நேர ஆய்வுப் பிரிவில் குப்பை கொட்டியவன் நான். ஸ்டாப்வாட்சும் கையுமாக நின்று, இன்னார் திருகாணி முடுக்க இவ்வளவு நொடி, மூக்கைச் சொறிய இவ்வளவு நொடி என்று எழுதிக்கொடுத்தவன். நான் வந்தால் எந்திரங்களே நிமிர்ந்து உட்காரும் என்பார்கள். அப்பேர்ப்பட்டவனை மணிக்கட்டில் உட்கார்ந்தபடியே ஒரு கடிகாரம் ஆய்வு செய்து, 'ஆள் சும்மா இருக்கிறார்' என்று அறிக்கை கொடுத்துவிட்டது.

"அப்போ எங்கதான் உட்கார்ந்திருந்தீங்க?"

"பெஞ்ச்ல" என்றேன். என் வாழ்க்கையின் மிகச் சிறிய வாக்கியம் அதுதான்.

மனைவி பழுதுபார்ப்பவரிடம் கேட்டாள்: "தம்பி, இதைத் திருப்பி எடுத்துப்பீங்களா? டைல்ஸ் வாங்கணும்."

என் நெஞ்சு நின்றது. அதற்கும் யாராவது சக்கரம் சுற்றினால் தேவலை என்றிருந்தது. "கட்டினதை எடுக்கமாட்டோம் மேடம்" என்று அவர் சொன்னபோது அவருக்குக் கோயில் கட்டலாமா என்று யோசித்தேன். அடுத்த நொடியே அந்தக் கோயிலை இடித்தேன், ஏனென்றால் மனைவி கையை நீட்டி, "அப்படின்னா ஸ்டீல் பட்டையில ரெண்டு கண்ணியைக் கழட்டி என் அளவுக்குச் சரிபண்ணுங்க" என்றாள்.

அவள் கையில் அது ஒரு தடவைகூட நிற்கவில்லை. எப்படி நிற்கும்? துவைப்பதும் துடைப்பதும் என்னைத் திட்டும்போது வீசுவதுமாக அந்தக் கை ஓய்ந்து நான் பார்த்ததில்லை. வெளியூரிலிருந்து மகள் போன் செய்தாள்.

"அப்பா, அம்மா போட்டோ அனுப்பினாங்க. அந்த வாச் அவங்க கைக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குப்பா!"

"தேர்ந்தெடுத்தது யாரு?"

"உட்கார்ந்துகிட்டுத் தேர்ந்தெடுத்தீங்களாம். அதையும் சொன்னாங்க."

மனைவியிடம் கெஞ்சினேன். கொஞ்சினேன். ஒருவேளை சாப்பிடாமல்கூட இருந்தேன். தட்டை எடுத்துக் கழுவி வைத்துவிட்டாள். பிறகு சொன்னாள்: "நாளையிலேர்ந்து நான் கூட வரேன். எட்டுச் சுத்து. முடிஞ்சா வாச் பத்தி யோசிக்கலாம்."

மறுநாள் பெஞ்சைக் கடந்தபோது பல் டாக்டர் செல்போனால் முகத்தை மறைத்துக்கொண்டார். நானும் அவரை யாரென்றே தெரியாதவன்போல நடந்தேன். ஒரு குடும்பத்தையாவது காப்பாற்றவேண்டாமா? மூன்றாம் சுற்றில் என் முழங்கால்கள் என்னோடு பேச்சை நிறுத்தின. ஐந்தாம் சுற்றில் மூச்சு எனக்கு முன்னே ஓடியது. மனைவி கையை வீசிக்கொண்டு போனாள். ஒவ்வொரு வீச்சிலும் அந்தச் சிவப்புச் சக்கரம் உள்ளே கிறுகிறுவென்று சுற்றுவது எனக்குத் தெரியும், வயிறு எரிந்தது.

ஆறாம் சுற்றில் தாவி அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"விடுங்க, எல்லாரும் பார்க்கிறாங்க. இந்த வயசுல கையைப் பிடிச்சுக்கிட்டு..."

"மணி பார்க்கிறேன்."

"எவ்வளவு நேரமாப் பார்ப்பீங்க?"

"சுவிஸ் வாச். நிதானமாத்தான் பார்க்கணும்."

அவள் கையை உதறவில்லை. ஆனால் வேகத்தையும் குறைக்கவில்லை. அப்படியே ஒரு சுற்று போனோம். படிக்கிற கண்ணாடியை நான் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். முள் எங்கே, எண் எங்கே, ஒன்றும் தெரியவில்லை. அதை அவளிடம் ஏன் சொல்லவேண்டும்?