நாடா வெட்டாத ஆய்வுகூடம்

எங்கள் கப்பல்துறைப் பள்ளிக்கூடத்துக்குப் புதிய ஆய்வுகூடம் கட்டி முடித்து மாதக்கணக்காகியும், வாசலில் சிவப்பு நாடா கட்டியபடியே கிடந்தது. அதை வெட்டப்போவது யார் என்பதில்தான் இழுபறி. எம்.பி. தன்னால் வந்த கட்டடம் என்றார். பிரதேச சபைத் தவிசாளர் தன்னால் வந்தது என்றார். இரண்டு பேரும் ஒரு கல்லைக்கூடத் தூக்கிவைத்தவர்கள் அல்லர். இடையில் அகப்பட்ட எங்கள் பள்ளி அதிபர் தவராசா, விழா முடியும்வரை ஒருவரும் உள்ளே போகக் கூடாது என்றுவிட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் கட்சிக்காரர் என்றால் அவருக்குக் குலை நடுங்கும்.

நான் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். கிண்ணியாவிலிருந்து பஸ் ஏறி வந்து, அமிலத்தையும் காரத்தையும் கரும்பலகையில் சோக்கால் கலந்துகொண்டிருந்தேன். நிறம் மாறும் என்பேன், பிள்ளைகளும் நம்பி எழுதிக்கொள்வார்கள். எனக்கே வெட்கமாக இருக்கும்.

ஒருநாள் காலையில் என் மாணவி கௌசிகாவின் அப்பா ஓட்டோவை வாசலில் நிறுத்திவிட்டு, மகளை ஆய்வுகூடம் நடக்கிற நகரப் பள்ளிக்கூடத்துக்கு மாற்ற விடுகைப் பத்திரம் கேட்டு வந்தார். விஞ்ஞானப் பிரிவில் இருப்பதே ஒன்பது பேர். அவள்தான் கெட்டிக்காரி. அவள் போனால் மற்றவர்களும் போவார்கள், பிரிவையே மூடிவிடுவார்கள். அவரில் பிழையில்லை, என் பிள்ளையென்றால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கொஞ்சம் பொறுக்கச் சொல்லி, என் வகுப்புப் பிள்ளைகளோடு அவரையும் புதிய ஆய்வுகூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இரசாயனவியல் ஆசிரியை என்பதால் அதன் கதவுத் திறப்பு என்னிடம்தான் இருந்தது. கதவைத் திறந்து நாடாவை உயர்த்திப் பிடித்தேன். பிள்ளைகள் ஒவ்வொருவராகக் குனிந்து நுழைந்தார்கள். கடைசியில் அவரும் குனிந்தார்.

குடுவையில் அமிலமும் நிறங்காட்டியும் விட்டு, மேலே பியூரெட் குழாயில் காரம் நிரப்பி, துளித்துளியாக விடும்படி கௌசிகாவிடம் சொன்னேன். அவள் குழாயின் திருகைத் திறந்தாள். தண்ணீர்போல இருந்தது சட்டென்று கடும் றோசா நிறமானது. எல்லோரும் கைதட்டினார்கள். அவள் முகம் மட்டும் சுருங்கிவிட்டது.

"மிஸ், இளம் றோசாவில நிப்பாட்டியிருக்கோணும். கூட விட்டிட்டன். திருப்பிச் செய்யட்டோ?"

அவள் என் வகுப்பில் ஒரு பிழையும் விட்டதில்லை. கரும்பலகையில் பிழைவிட வழியேது? எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கைதட்டல் கேட்டு ஓடிவந்த அதிபர் நாடாவுக்கு வெளியே மூச்சு வாங்க நின்றார். எம்.பி.க்குத் தெரிந்தால் தான் என்ன பதில் சொல்வது என்று என்னைக் கேட்டார். நான் வாய் திறக்குமுன் கௌசிகாவின் அப்பா திரும்பினார்.

"கொஞ்சம் பொறுங்கோ சேர். பிள்ளை திருப்பிச் செய்யப்போறாள்."

"நீங்கள் விடுகைப் பத்திரத்துக்கெல்லோ வந்தனீங்கள்?" என்றார் அதிபர்.

"ஓம், அதுக்குத்தான் வந்தனான். இந்தக் கதவு திறந்திருக்குமெண்டால் அவள் இஞ்சையே படிக்கட்டும்."

பிள்ளைகள் எல்லோரும் அதிபரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் நாடாவின் முடிச்சை நகத்தால் நெம்பி அவிழ்த்தார். கசங்காமல் சுருட்டிச் சட்டைப் பையில் வைத்தார்.

"விழா வரேக்க திருப்பிக் கட்டுவம்," என்றார். "நீ செய் பிள்ளை."