சாப்பிடும்போது வரும் கண்ணீர்

முகத்தின் இடப்பக்கம் கோணிப்போய் ஆறு மாதம் கழித்து எலிசாளுக்கு வாய் நேரானது. கண்ணும் மூடித் திறந்தது. பாறசாலையில் அக்கம்பக்கத்தார் கர்த்தருக்கு நன்றி சொன்னார்கள். அந்த வாரம்தான் புதுத் தொந்தரவு தொடங்கியது. சோற்றை வாயில் வைத்தாலே இடக்கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

அவள் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. புறங்கையால் துடைத்துவிட்டுச் சாப்பிட்டாள். எதிரே இருந்த கணவன் ராஜமணிக்குத்தான் சோறு இறங்கவில்லை. மின்கம்பியில் உரசும் மரக்கிளைகளை வெட்டுவது அவன் வேலை. அவளுக்கு நோய் வந்ததிலிருந்து சமையலும் அவன்தான். மீன்குழம்பில் காரம் கூடிவிட்டதோ என்று மறுநாள் மிளகாயைக் குறைத்தான். அப்போதும் கண்ணீர்.

நாலாம் நாள் மத்தியானம் தட்டை நகர்த்தி வைத்தான்.

"எலிசா, நீ எதுக்கு கண்ணீர் விட்டுக் கரையுதேன்னு எனக்குத் தெரியும். உனக்கு நர்சிங் சீட்டு வந்தப்போ வேண்டாம்னது நான்தான். எங்க அம்மை வேண்டாம்னு சொன்னதா உன்கிட்ட பொய் சொன்னேன்."

எலிசாள் மெல்வதை நிறுத்தினாள். கண்ணீரும் நின்றது. இருபத்திரண்டு வருடமாக மாமியாரைக் குறைசொல்லி வந்தவள் அவள். கிழவி இறந்தே எட்டு வருடம். அன்று அவள் சொன்னது, கண்ணை டாக்டரிடம் காட்ட வேண்டும் என்பது மட்டும்தான்.

மறுநாள் தம்பானூரில் பஸ் இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் ஷிஜா ஒரு பிஸ்கட்டைத் தின்னச் சொல்லிக் கண்ணைப் பார்த்தார்.

"சேதமான நரம்பு புதுசாக் கிளை விட்டிருக்கு. எச்சில் ஊற வைக்கப் போகவேண்டிய கிளை வழிதவறிக் கண்ணீர்ச் சுரப்பிக்குப் போயிருக்கு. அவ்வளவுதான். சங்கடமா இருந்தா ஊசி போடலாம்."

ராஜமணிக்குச் சட்டென்று விளங்கியது. அவன் வெட்டிய மாமரமும் புளியமரமும் வெட்டுவாய்க்குக் கீழே பத்துத் துளிர் விடும். எது எந்தப் பக்கம் நீளும் என்று ஒருநாளும் அவனால் சொல்ல முடிந்ததில்லை.

திரும்பும் பஸ்ஸில் நெய்யாற்றின்கரை தாண்டியதும் மெல்லக் கேட்டான்.

"அப்போ நீ கரையவே இல்லியா? நான் சொன்னதெல்லாம் வெறுதே வீணாப் போச்சா?"

"வெறுதே இல்ல. உங்க அம்மைக்க மேல இத்தனை வருஷம் வச்ச கோபத்த இனி நான் எங்க கொண்டு வைக்க?"

அவளே தொடர்ந்தாள்.

"பாலியேட்டிவ்காரங்க வீடுவீடா தீராத நோயாளிகளப் பாக்கப் போக ஆள் தேடுதாங்க. நான் போவப் போறேன். கேக்கல்ல, சொல்லுதேன்."

"போ," என்றான். பிறகு, "எந்தக் கெழமை? நான் கொண்டு விடுதேன்."

"வேண்டாம். பஸ் உண்டு."