வாய் திறக்காமல் வாங்கிய வீடுகள்

தொண்ணூற்றொன்பதாம் வருஷக் கடைசியில், ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல், பதினோராயிரம் வீடுகளை நான் ஒருவனாக வாங்கினேன். வாயைத் திறக்கவில்லை, பேனாவைத் தொடவில்லை. டெல்லியே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது; கன்னாட் பிளேஸில் புறாக்கள்கூடப் பறக்கவில்லை.

இதை நம்பாத ஒரே மனிதர் விஸ்வநாதன். ஒரே மனிதர் என்றால், நான் சொல்வதைக் கேட்க வேறு மனிதர் இல்லை என்று அர்த்தம். என் மனைவி பட்டு போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. முனிர்க்கா ஃப்ளாட்டில் காலையில் பால்காரனிடம் "அச்சா பையா" என்று சொன்னால், மறுபடி வாய் திறப்பது மாலையில் மலை மந்திர் முருகன் கோயில் படியில், அவர் பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான்.

தணிக்கைத் துறையில் காலம் தள்ளியவர். கையெழுத்தில்லாத ஒப்பந்தம் பக்வாஸ், வெறும் உளறல் என்பார்.

நூறாவது தடவையாக விளக்குவேன். ஒரு வீட்டுக்கடன் கம்பெனி, பதினோராயிரம் வீட்டுக்காரர்கள் மாதாமாதம் கட்டப்போகும் தவணைகளையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி விற்க நினைத்தது. வாங்க வந்தது நான் வேலை பார்த்த டிரஸ்ட். ஆனால் விற்றதைக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்திட்டால் முத்திரை வரி. மாநிலத்துக்கு ஒரு விகிதம். சில இடங்களில் லாபமெல்லாம் அதிலேயே கரைந்துவிடும். இதற்கென்று தனிச் சட்டமும் அப்போது கிடையாது. வக்கீல் ஒரு வழி சொன்னார்: விற்பவர் "தருகிறேன்" என்று கடிதம் கொடுக்கட்டும், வாங்குபவர் "சரி" என்று எழுதவே கூடாது. பணத்தைக் கொடுத்தால் போதும், செய்கையே சம்மதம். செக்கை மேஜையில் நகர்த்தியவன் நான். நடுவில் தும்மல் வந்தது. அதையும் எவனாவது சம்மதமாக எழுதிவிடுவானோ என்று மூக்கைப் பிடித்துக்கொண்டேன்.

"நடக்கிற காரியமா ஓய் இது," என்று விஸ்வநாதன் எழுந்து போய்விடுவார். மறுநாள் வந்து மறுபடி கேட்பார்.

இந்த மார்கழியில் அவர் மகள் மீனாக்ஷிக்கு நாக்பூருக்கு மாற்றல் வந்தது. இருவரும் இருந்த மோதி பாக் அரசாங்கக் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும்; அப்பாவும் கூட வரவேண்டும் என்றாள். அவருக்குப் போக இஷ்டமில்லை, அதைச் சொல்லமாட்டார். அவரை அனுப்ப எனக்கும் இஷ்டமில்லை, கெஞ்ச வராது. என்னை நம்புகிறவர்கள் இல்லாமல் காலம் தள்ளிவிடலாம். நம்ப மறுக்க ஒரு ஆள் இல்லாவிட்டால் என் பதினோராயிரம் வீடுகளும் வெறும் சுவர்தான்.

படியில், எங்கள் இருவருக்கும் நடுவே, என் வீட்டு மாற்றுச் சாவியை வைத்தேன்.

"கிழக்கு ரூம் காலியா இருக்கு ஓய். பாதிப் பால் காசு உம்மோடது. பதில் மட்டும் சொல்லிடாதேயும், முத்திரை வரி யார் கட்டறது?"

அவர் கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

அதற்கப்புறம் அவர் கோயிலுக்கு வரவில்லை. பனிமூட்டத்தில் தனியாக உட்கார்ந்துவிட்டுத் திரும்பினேன். யாராவது பேசட்டும் என்று ரேடியோவைப் போட்டேன். அதுவும் வானிலையைச் சொல்லிவிட்டு ஓய்ந்தது. கிழக்கு அறையில் கிடந்த பழைய பேப்பரையெல்லாம் ஒழித்தேன். எதற்கு ஒழித்தோம் என்று அப்படியே வாசற்படியில் நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பூட்டில் சாவி திரும்பியது. விஸ்வநாதன். பின்னால் ஆட்டோக்காரன், தோளில் டிரங்குப் பெட்டி. என்னைத் தாண்டிப் போய், கிழக்கு அறையில் பெட்டியை இறக்கச் செய்தார். சமையலறைக்குள் நுழைந்து பாலை அடுப்பில் ஏற்றினார். நானும் வாய் திறக்கவில்லை, தொழில் தர்மம். இரண்டு டம்ளர் காபியோடு வந்து எதிரே உட்கார்ந்து, பால் காசை மேஜையில் என் பக்கம் நகர்த்தினார்.

காபி தீர்ந்த பிறகுதான் பேசினார்.

"அந்தப் பதினோராயிரம் வீடு... நடந்துதான் இருக்கணும் ஓய்."