விளாமேட்டின் வரலாறு

கல்முனைக் கரையிலிருந்து மேற்கே, காட்டை வெட்டி உருவான மேட்டுநில ஊர் விளாமேடு. ஐம்பதுகளில் முதன்முதலாக அங்கே போய்ச் சேனைப் பயிருக்குக் காடு வெட்டியவர்களில் ஆதம்பாவாவும் அவர் மனைவி ஸைனம்புவும் இருந்தார்கள். சோளக் காவலுக்குப் போன இடத்தில் யானை அடித்து ஆதம்பாவா மௌத்தானார். ஸைனம்பு ஊரை விட்டுப் போகவில்லை. சோளமும் கச்சானும் பயிரிட்டு, ஒரே மகன் மசூரைப் படிப்பித்தாள். அரசாங்கம் அங்கே ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்றியது அதற்குப் பிறகுதான்.

எழுபத்தைந்தில் விளாமேட்டுக்குத் தனிக் கிராம சபை கிடைத்தது. திறப்பு விழாவில் ஊரின் வரலாற்றை வாசித்தவன், அந்தச் சபையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த மசூர்தான்.

"அரசாங்கம் குடியேற்றும்வரை இந்த மேட்டில் மனித வாடையே இருக்கவில்லை."

மேடையிலிருந்தவர்கள் கைதட்டினார்கள். ஸைனம்பு எழும்பினாள்.

"அப்ப உன்ட வாப்பா மௌத்தானது எந்த மேட்டிலடா?"

மசூர் இறங்கி ஓடிவந்தான்.

"உம்மா, இரிங்க. முதலே ஆக்கள் இருந்ததென்டு சொன்னா, அவங்க காணி கேப்பாங்களாம். சபையில இப்படித்தான் எழுதச் சொன்னாங்க. மாத்தினா என்ட வேல போயிரும்."

"ஓம் மகன், வேலயப் பாத்துக்க."

அன்று பின்னேரமே பஸ் ஏறிச் சாய்ந்தமருதிலுள்ள தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டாள்.

பெருநாளைக்குப் புதுச்சேலையோடு மசூர் வந்தான். ஸைனம்பு தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, முன்பின் தெரியாதவனிடம் கேட்பதுபோல் கேட்டாள்.

"தம்பிக்கு எந்த ஊரு?"