மாமனார் ரெண்டு பேர்

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு வாஷிங் மெஷினில் பிறந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் ஃபோனில் கூப்பிட்டான். "உங்க அண்ணி காட்டுக்குப் போட்டுட்டுப் போன ஜாக்கெட்டை என் சட்டையோட சேத்துப் போட்டுட்டாடா. நாளைக்கு நான் எப்படி ஆளுங்க மூஞ்சிகிட்ட குனியறது?" என்றான். அழாத குறைதான். அண்ணன் பல் டாக்டர். அண்ணி கரடி ஆராய்ச்சி செய்பவர். மீன் குடலையும் மாட்டு ரத்தத்தையும் பீப்பாயில் மாசக்கணக்கில் ஊறவைத்துக் காட்டுக்குள் கொண்டுபோய் ஊற்றுவது அவருடைய வேலையில் ஒரு பகுதி. இப்படி ஒரு தம்பதியைச் சொந்தக் குடும்பத்திலேயே வைத்துக்கொண்டு வேறு எதையோ எழுதிக்கொண்டிருந்திருக்கிறேனே என்று என் தலையில் நானே குட்டிக்கொண்டேன்.

அண்ணி சம்மதித்தார். ஒரே நிபந்தனை, ஒவ்வொரு வரைவையும் அவர் படிப்பார். கையில் சிவப்புப் பேனாவோடு.

2

முதல் தொடக்கம்:

"பனி மூடிய காட்டில் புதர் விலகியது. கரடி பின்னங்கால்களில் எழுந்து நின்று, கோபத்தில் பற்களைக் காட்டி,

[இங்கே சிவப்புக் கோடு. வாக்கியத்தை முடிக்க விடவில்லை.]

"எழுந்து நின்னா கோபம்னு உனக்கு யாரு சொன்னது?" என்றார் அண்ணி. "என்னன்னு சரியாத் தெரியல, அதான் எட்டிப் பாக்குது. பஸ் வருதான்னு நீ எட்டிப் பாப்பியே, அந்த மாதிரி."

இரண்டாம் தொடக்கம்:

"பதினோரு வருடங்களாகத் தேடிய கரடியை அவள் கண்டாள். நான்கு கண்களும் ஒரு கணம்,

[மறுபடியும் கோடு.]

"நான்தான் அதைப் பாத்ததே இல்லையே."

"ஒரு தடவைகூடவா அண்ணி?"

"ஒரு தடவைகூட இல்ல. பாத்துட்டா நான் வேலையை ஒழுங்காப் பண்ணலைன்னு அர்த்தம்."

கதாநாயகியும் கரடியும் சந்திக்கவே மாட்டார்கள் என்றால் நான் எதைத்தான் எழுதுவது? பேனாவை மூடிவிட்டு எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை, ஏனென்றால் அடுத்து அண்ணி அந்த முள்கம்பியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்.

3

நாலைந்து மரங்களைச் சுற்றி, முழங்கால் உயரத்துக்கு ஒரே ஒரு சுற்று முள்கம்பி. நடுவில் சருகுக் குவியல். அதன்மேல் அந்தப் பீப்பாய்ச் சாறு.* வாசனைக்குக் கரடி வரும், கம்பிக்கு அடியில் குனிந்து நுழையும், முதுகு உரசும். மோந்து பார்த்துவிட்டு, தின்ன ஒன்றுமில்லை என்று ஏமாந்து திரும்பும். கம்பியில் நாலு முடி மாட்டியிருக்கும், அவ்வளவுதான். மயக்க ஊசி இல்லை, கழுத்துப் பட்டை இல்லை, துரத்தல் இல்லை. சில நாள் கழித்து அண்ணி போய், முடியை இடுக்கியால் எடுத்துக் காகித உறையில் போடுவார். பிறகு லைட்டரால் கம்பியைச் சுட்டு மிச்சத்தைப் பொசுக்குவார், அடுத்து வருபவரின் முடி கலந்துவிடக் கூடாதே. முடியின் வேரிலிருந்து ஆய்வகத்தில் மரபணுவை எடுத்து, வந்தது எந்தக் கரடி என்று கண்டுபிடிப்பார்கள்.

[* வாசகர் கேட்கலாம், வாசனை எப்படி இருக்கும் என்று. அண்ணன் ஒரு வாரம் வரவேற்பறை சோபாவில் படுத்தான். அதற்குமேல் விவரிக்க எனக்குத் தெம்பில்லை.]

அப்படிக் கண்டுபிடித்த கரடிகளில் ஒன்றுக்குப் பெயர் மாமனார்.

வைத்தது அண்ணிதான். "வருவார்னு தெரியும், எப்பன்னு தெரியாது. வந்தா எதுலயாவது சாஞ்சு முதுகைச் சொறிஞ்சுக்குவார். வேற என்ன பேரு வைக்கிறது?" என்றார். கதவு நிலையில் முதுகைத் தேய்த்துக்கொள்வது எங்கள் அப்பாவின் வழக்கம். அப்பாவுக்கு இதில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தோம். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களிடம், "என் பேர்ல ஒரு கரடி இருக்கு, முன்னூறு கிலோ," என்று சொல்லித் திரிந்தார்.

மாமனார் சாதாரணக் கரடி இல்லை. காட்டை நடுவில் வெட்டிக்கொண்டு ஓடுகிறது ஆறு வழி நெடுஞ்சாலை. மாமனாரின் முடி சாலைக்கு வடக்கேயும் கிடைத்தது, தெற்கேயும் கிடைத்தது. வருடாவருடம். லாரிகள் பறக்கும் அந்தச் சாலையை இவர் எப்படியோ கடக்கிறார். அண்ணி இதைக் கட்டுரையாக எழுதினார், செய்தித்தாள்கள் எடுத்துப் போட்டன, கடைசியில் சாலைத் துறையே இறங்கி வந்தது. நெடுஞ்சாலைக்கு மேலே மண் கொட்டி, மரம் செடி வைத்து, மிருகங்கள் நடந்து போக ஒரு பாலம் கட்டலாமா என்று முடிவெடுக்கக் குழு போட்டார்கள். அண்ணியின் வாழ்க்கையில் அவர் ஆசைப்பட்டுக் கேட்டது அந்தப் பாலம் ஒன்றைத்தான்.

4

இந்த இடத்தில் எனக்கு ஒரு கதாபாத்திரத்தின்மேல் சந்தேகம். கதை பாதி ஓடிய பிறகு புதிதாக ஒருத்தி வந்து எல்லாவற்றையும் கவிழ்த்தால் எந்த வாசகர் நம்புவார்? எழுத்தாளனுக்கு வேறு வழி தெரியவில்லை, ஆளை இறக்கிவிட்டான் என்பீர்கள். என்ன செய்ய, அவள் நிஜமாகவே வந்தாள். ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண். புது இயந்திரத்தைப் பழகிக்கொள்வதற்காக உறைபெட்டியில் இருந்த பழைய முடிகளை எடுத்துச் சோதித்தாள்.

பழைய முறையில் மரபணுவில் ஆறு இடங்களைத்தான் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஒருவருடைய ஃபோன் நம்பரில் ஆறு எண்களை மட்டும் பார்த்துவிட்டு, "அவரேதான்" என்று சொல்கிற மாதிரி. பெரும்பாலும் சரியாக இருக்கும். புதுப் பெண் இருபது இடங்களை ஒப்பிட்டாள்.

மாமனார் ஒருவர் இல்லை, இரண்டு பேர். ஒரே தாய் வயிற்று அண்ணன் தம்பிகள். அந்த ஆறு இடங்களிலும் அச்சு அசலாக ஒரே மாதிரி, மற்ற இடங்களில் வேறு. வடக்கே கிடைத்த முடியெல்லாம் ஒருவருடையது, தெற்கே கிடைத்ததெல்லாம் இன்னொருவருடையது. சாலையை யாரும் கடக்கவே இல்லை.

சாப்பாட்டு மேசையில் அண்ணி இதைச் சொன்னபோது நானும் இருந்தேன். அப்பா கரண்டியைக் கீழே வைத்தார்.

"நான் ரெண்டு பேரா?"

"நீங்க ஒருத்தர்தான் மாமா. கரடிதான் ரெண்டு."

"அதுல நான் எது?"

"வடக்குப் பக்கம்னு வெச்சுக்கோங்க."

"பெருசு எது?"

அண்ணன் சிரித்துச் சிரித்துப் புரையேறி எழுந்து போனான். அண்ணியும் சிரித்தார். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனவர் வெகு நேரம் திரும்பி வரவில்லை.

5

குழு கூடுவது அந்த வியாழக்கிழமை. அவர்கள் கையில் இருந்தது அண்ணியின் பழைய கட்டுரை. புது முடிவு அண்ணிக்கும் அந்தப் பெண்ணுக்கும் மட்டும்தான் தெரியும். எங்களுக்கும்.

நான் இங்கே ஒரு பெரிய மனப்போராட்டம் எழுதினேன். ஜன்னல், மழை, தூரத்தில் லாரிச் சத்தம், எல்லாம் உண்டு. அண்ணி முழுப் பக்கத்தையும் அடித்துவிட்டு ஓரத்தில் எழுதினார்: "சட்டி கழுவி முடிக்கிற வரைக்கும் மறைச்சுடலாம்னுதான் இருந்தேன். பெரிய சட்டி. அதை எழுது."

எழுதிவிட்டேன்.

6

கெட்டவன் இல்லாமல் கதை எப்படி நகரும் என்று சாலைத் துறை இன்ஜினியரைப் பிடித்துக்கொண்டேன். அடர்ந்த மீசை, மேசையில் குத்தும் பழக்கம், காடு என்றாலே இளக்காரம். அண்ணி படித்துவிட்டு, "அவரு நல்ல மனுஷன்பா. மீட்டிங்ல எனக்கு மிட்டாய் குடுப்பாரு. இருமலுக்கு," என்றார். மீசை போயிற்று.

எனக்குப் பொறுக்கவில்லை. "கதையிலாவது ஒரே கரடியா இருந்துட்டுப் போகட்டுமே அண்ணி. யாரு வந்து கேக்கப் போறாங்க?"

"கதையில நீ என்ன வேணா பண்ணிக்கோ தம்பி. கரடிய டான்ஸ் ஆட விடு. முடிய மட்டும் மாத்தாத."

ஆகவே, முடியை மாற்றாமல் முடிவை எழுத முயன்றேன்.

முடிவு ஒன்று. பாலம் கட்டப்படுகிறது. திறந்த மறுநாளே மாமனார் கம்பீரமாக நடந்து வருகிறார். (அண்ணி: "மறுநாளா? அதுக்குப் பழக வருஷக்கணக்குல ஆகும். முதல்ல மான்தான் வரும்.")

முடிவு இரண்டு. பிரிந்த சகோதரர்கள் நடுப்பாலத்தில் சந்தித்துக் கட்டித் தழுவுகிறார்கள். இது அப்பாவுக்கு மிகவும் பிடித்திருந்தது, இரண்டு முறை படிக்கச் சொன்னார். (அண்ணி: "ரெண்டு ஆம்பளக் கரடி நடுப்பாலத்துல சந்திச்சா கட்டித் தழுவாது. கட்டிப் பொரளும்.")

முடிவு மூன்று. பாலம் இல்லை. அண்ணி ராஜினாமா செய்து,

[இதை நானே அடித்துவிட்டேன்.]

7

வியாழக்கிழமை. நீளமான மேசை, சூடாகிப்போன புரொஜெக்டர், பாதி குடித்த தேநீர்க் கோப்பைகள். அண்ணி எழுந்து நின்றார். பழைய கட்டுரையின் படத்தைத் திரையில் போட்டு, "இது தப்பு," என்று ஆரம்பித்தார்.

பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். இன்ஜினியர்தான் முதலில் தொண்டையைச் செருமினார். "அப்ப ரோட்டைக் கடக்க ஆளே இல்லைன்னு ஆகுதேம்மா. பாலம் யாருக்கு?"

"ஆளு ரெண்டு பக்கமும் இருக்கு சார். வழிதான் இல்ல."

"இத்தனை வருஷமா அதுங்க பாட்டுக்கு இருந்திருக்கே."

"ஒரே அம்மாவுக்குப் பொறந்ததுங்க, ஆளுக்கு ஒரு பக்கமா இருக்கு. அதுங்க பொறந்தப்ப ரோடு ரெண்டு வழிதான். அம்மா குட்டிங்கள கூட்டிக்கிட்டுக் கடந்திருக்கு. ரோட்டை ஆறு வழி ஆக்கினப்புறம் யாருமே கடக்கல. நான் இத்தனை நாள் நல்ல செய்தி சொல்லிக்கிட்டு இருந்தேன். இதுதான் நிஜமான செய்தி."

குழுவின் தலைவி, தலை நரைத்த அம்மா, கண்ணாடியைக் கழற்றினார். "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. கட்டினா கடக்குமா?"

இந்தக் கேள்விக்கு அண்ணிக்காக நான் மூன்று பதில்கள் எழுதி வைத்திருந்தேன். மூன்றும் பிரமாதம். ஒன்றில் எனக்கே கண் கலங்கியது. ஒரு "ஆமாம்" போதும், பாலம் நிச்சயம் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும், அண்ணிக்கும் தெரியும். என் பதில்களில் எதையும் அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

"தெரியாது," என்றார். "கடக்கணும்னு எனக்கு ஆசை. அது ஆராய்ச்சி இல்ல."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு அவர்மேல் அப்படி ஒரு ஆத்திரம், அதைவிடப் பெருமை.

தலைவி வாக்கெடுப்புக்கு விட்டார். அந்த அறையில் நடந்ததெல்லாம் அண்ணி சொல்லித்தான் எனக்குத் தெரியும், என்றாலும் முழுதாகச் சொல்லப்போவதில்லை. குழுவில் மொத்தம் ஏழு பேர். வேண்டும் என்று மூன்று கைகள் எழுந்தன. அதில் ஒன்று, நம்பினால் நம்புங்கள், இன்ஜினியருடையது. வேண்டாம் என்பவர்களும் மூன்று பேர். அவர்களும் கெட்டவர்கள் இல்லை. அதே காசில் காட்டோரத்து ஊருக்கு ஒரு ஆஸ்பத்திரிக் கட்டடம் எழுப்பலாம் என்று சொன்னவர்கள்.

ஏழாவது நாற்காலியில் உங்களை உட்காரவைத்திருக்கிறேன். மன்னிக்க வேண்டும், முன்கூட்டியே கேட்டிருந்தால் வந்திருக்க மாட்டீர்கள்.

மேசையில் உங்களுக்கு முன்னால் இரண்டு காகித உறைகள், ஒவ்வொன்றிலும் நாலைந்து பழுப்பு முடிகள். அண்ணி தண்ணீர் குடிக்கிறார். உங்கள் பக்கம் பார்க்கக்கூட இல்லை. அவர் கொடுத்தது அந்த ஒரு "தெரியாது" மட்டும்தான், அதை வைத்துக்கொண்டுதான் நீங்கள் முடிவு செய்ய வேண்டும்.

தலைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு உங்கள் பக்கம் திரும்புகிறார்.

"நீங்க என்ன சொல்றீங்க?"