அரியண்டம்

பெப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை. நேற்று எழுதியதில் ஒரு பிழை, பிள்ளை இரண்டு தடவை சத்தி எடுத்தாள் என்று எழுதிவிட்டேன், அவள் எடுத்தது ஒரு தடவைதான், மற்றது நான், கைகழுவும் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அவளுடைய பால் ஊறிய துணி இன்னும் என் தோளில் கிடக்க, அந்தப் புளித்த மணம் மூக்கால் மட்டுமா வருகிறது, காதாலும் இறங்குகிறதா என்று யோசித்துக்கொண்டே எடுத்தேன், எழுதும்போது ஏன் அதையும் அவள் தலையில் போட்டேனோ தெரியவில்லை, நான்கு மாதப் பிள்ளை, தன்மேல் பழி விழுந்ததை அறியாமல் தொட்டிலில் காலை உதைத்துக்கொண்டு கிடந்தாள், அந்தக் கால் மடிப்பில் எண்ணெயும் பவுடரும் சேர்ந்து ஒரு சாம்பல் கோடாகத் திரண்டிருக்கும், துடைக்க வேண்டும், துடைக்க வேண்டும் என்று நினைக்கும்போதே என் நாக்குக்கு அடியில் நீர் ஊறுகிறது, மாமி, என் கணவனின் தாய், அடுத்த அறையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறார், நான் குழாயைத் திறந்து விடுகிறேன், தண்ணீர்ச் சத்தத்தில் ஓங்காளிப்பது இப்போது எனக்குக் கைவந்துவிட்டது.

மாலை வகுப்பு ஆசிரியை ஒவ்வொரு நாளும் ஜெர்மனில் நாலு வரி எழுதிப் பழகச் சொன்னார், நான் எழுதுகிறேன், இன்று மழை, பிள்ளை சுகம், கணவர் வேலைக்குப் போனார், நான் களைப்பாக இருக்கிறேன், என்னிடம் உள்ள ஜெர்மன் அவ்வளவோடு தீர்ந்துபோகிறது, மிச்சத்தை இப்படித் தமிழில் எழுதுகிறேன், இத்தாலியின் சிசிலித் தீவில், நான் வளர்ந்த பலெர்மோவில், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ், நின்று நின்றுதான் வரும், ஒவ்வொரு சொல்லுக்கும் இது சரியா என்று என்னையே கேட்க வேண்டும், இத்தாலிய மொழியில் எழுதினால் கை தானாக ஓடிவிடும், அதுதான் பயம். ஆனாலும் சரியான சொல் தமிழில்தான் இருக்கிறது, அரியண்டம், எங்கள் யாழ்ப்பாணத்து வீடுகளில் எல்லோருடைய வாயிலும் இருக்கிற சொல், குளியலறைக் குழாயில் சுருண்ட தலைமயிர் அரியண்டம், சோற்றுக்குள் ஈ அரியண்டம், பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவனின் வேர்வை அரியண்டம், பெற்ற பிள்ளையோடு சேர்த்து அந்தச் சொல்லை ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை, நானும் ஒரே ஒரு முறைதான் சொன்னேன், குடும்ப டாக்டரின் அறையில், திலகேஸ்வரி அன்ரியிடம்.

அன்ரி மொழிபெயர்க்க வந்திருந்தார், டாக்டர்தான் ஒழுங்கு செய்தார், தமிழருக்குத் தமிழர் வந்தால் மனம்விட்டுப் பேசலாம் என்று அந்த நல்ல மனிதர் நினைத்திருப்பார், இந்த நகரத்தில் தமிழருக்குத் தமிழர் யார் என்று அவருக்கு எப்படித் தெரியும், எங்கள் கலியாணத்தில் ஆலாத்தி எடுத்தவர் அன்ரி, கோயில் அன்னதானத்தில் கரண்டியோடு முன்னுக்கு நிற்பவர், டாக்டர் பிள்ளையோடு எப்படி இருக்கிறது என்று கேட்க, நான் தரையைப் பார்த்துக்கொண்டு, பிள்ளையைத் தூக்கினால் எனக்கு அரியண்டமா இருக்கு அன்ரி, சத்தி வருது, என்றேன், அன்ரி சால்வையைச் சரிசெய்தார், சிரித்தார், டாக்டரிடம் திரும்பி, அவள் களைத்துப்போயிருக்கிறாள், இரவில் நித்திரை இல்லை, என்று ஜெர்மனில் சொன்னார், எனக்கு விளங்கியது, பசி, தாகம், களைப்பு எல்லாம் எங்கள் வகுப்பின் தொடக்கப் பாடங்கள், டாக்டர் களைப்பு என்று கணினியில் எழுதினார், இரும்புச்சத்துக் குளிசை தந்தார். படியில் இறங்கும்போது அன்ரி என் முழங்கையை இறுக்கிப் பிடித்தார், அவருடைய விரல்களில் கருவேப்பிலை மணம், உனக்கென்ன விசரே பிள்ளை, இதை அவங்கள் எழுதினாங்களெண்டால் நாளைக்குப் பிள்ளையள் நலக் கந்தோரில இருந்து ஆக்கள் வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போயிடுவாங்கள், நான் உன்னைக் காப்பாத்தி விட்டனான், என்றார், உண்மையாகவே அப்படித்தான் நம்பினார், முகத்தில் பரிவு இருந்தது, அந்தப் பரிவுகூட எனக்கு ஈரத்துணிபோலத் தோலில் ஒட்டியது.

டாக்டரிடம் போகாத அந்தச் சொல் மாமியிடம் போய்ச் சேர்ந்தது, ஸ்ருட்காட்டில் இருந்து ரயிலேறி வந்துவிட்டார், ஒரு பை நிறையப் பலகாரம், ஒரு பை வெறுமையாக, வெறும் பை எதற்கென்று அப்போது எனக்கு விளங்கவில்லை, வந்த அன்றே பிள்ளைக்கு முழுக வார்க்கும் வேலையைக் கையில் எடுத்துக்கொண்டார், காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் கிடத்தி, மூக்கை உருவி, வாய்க்குள் விரலை விட்டு வழித்து, நான் கதவடியில் நின்று முகத்தைத் திருப்ப, அவருக்கு முதுகிலும் கண், நாங்களும் பெத்தனாங்கள், பீத்துணி தோய்ச்சனாங்கள், மூக்கைப் பொத்தினனாங்களே, பலெர்மோ மகாராணிக்கு மட்டும் எல்லாம் மணக்குது, என்பார், பிள்ளை சிரிக்கும், என் கணவன் கஜன் வெதுப்பக வேலையால் மாவு படிந்த தலையோடு வந்து, அம்மா சும்மா பகிடிக்குச் சொல்லுறா, என்பான். பிறகு வெறும் பைக்கு அர்த்தம் வந்தது, ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைத் தன்னோடு ஸ்ருட்காட்டுக்குக் கொண்டுபோகிறாராம், நான் தேறும்வரைக்கும், எனக்கு அதைக் கேட்டதும் உடம்பு லேசாகியது, நெஞ்சு திறந்து காற்று உள்ளே வந்தது, இரண்டு மூச்சு விட்டிருப்பேன், மூன்றாவது மூச்சில், பிள்ளையை அனுப்பப்போகிறோம் என்று சந்தோஷப்படுகிற இந்த உடம்பைப் பார்த்தேன், இதைவிட ஊத்தையான ஒன்றைப் பாலிலும் பார்க்கவில்லை, பீயிலும் பார்க்கவில்லை.

ஆகவே தேடினேன், முறையாக, உளச்சிகிச்சையாளர்களை மொழிவாரியாகப் பார்க்கும் இணையப் பக்கத்தில் தமிழுக்கு ஒரே ஒரு பெயர், அந்தப் பெயரின் சித்தி மாமிக்குச் சிநேகிதி, இத்தாலிய மொழிக்கு நாலைந்து பெயர்கள், ஒருவர் பிள்ளைகளை மட்டும் பார்ப்பவர், ஒருவர் இலையுதிர் காலத்துக்குப் பிறகு வரச் சொன்னார், ஒருவருடைய தொலைபேசி எடுபடவே இல்லை, கடைசியாக ஃபுர்லான் என்று ஒரு பெண், அவருக்கு நிலவறையில் துணி தோய்க்கும் இடத்தில் நின்று, யார் யாருடையதோ ஈர உள்ளாடைகள் கன்னத்தில் படாமல் குனிந்துகொண்டு, இத்தாலிய மொழியில் ஒரு செய்தி விட்டேன், என் குரல் அந்தச் சுவர்களில் பட்டுத் திரும்பியபோது எனக்கே ஆச்சரியம், பலெர்மோ பள்ளிக்கூடத்து வாசலில் நின்று கத்தும் ஒரு பெண்ணின் குரல், யாருக்கும் பயப்படாத குரல், அவர் செவ்வாய் மாலை வரச் சொன்னார், செவ்வாய் எனக்கு வகுப்பு நாள், வீட்டில் ஒருவரும் கேட்க மாட்டார்கள், இன்று நான் வகுப்புப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போனேன்.

கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்தார், பிறகு என் தோளுக்கு மேலால் படிக்கட்டைப் பார்த்தார், தொலைபேசியில் கேட்ட குரலைத் தேடினார், படிக்கட்டில் ஒருவரும் இல்லை, பிறகு மெல்ல மெல்ல, சொற்களை உடைத்து உடைத்து, வேலைக்கு வரும் எங்கள் தாய்மாரோடு பலெர்மோ வீட்டுக்காரிகள் பேசும் அந்த இத்தாலிய மொழியில், உள்ளே வர, கோட் இங்கே போட, என்றார், என் வாய்க்குள் பித்தம் வந்தது, திரும்பிப் போய்விடலாம், வகுப்பு இன்னும் தொடங்கியிருக்காது, ஆனால் ஞாயிறு வருகிறது, நான் பலெர்மோக் குரலில், நீங்கள் எதிர்பார்த்த சிசிலிக்காரி வந்துவிட்டாள், கோட்டை எங்கே போடுவது, என்றேன், அவர் கழுத்துவரை சிவந்தார், மன்னிப்புக் கேட்டார், அதற்குப் பிறகு ஒழுங்காக மரியாதை வைத்துப் பேசினார். அறையில் பழைய கோப்பி மணம், அவருடைய கம்பளிச் சட்டையின் முழங்கையில் நாய் மயிர், வாயில் ஒரு இருமல் மிட்டாய், பேசும்போது அது பல்லில் தட்டி டக் என்றது, அந்த மிட்டாயையும் அதைச் சுற்றி ஓடும் எச்சிலையும் பார்க்காமல் இருக்க ஜன்னலைப் பார்த்தேன், பார்த்துக்கொண்டே சொன்னேன், என் பிள்ளை எனக்கு அரியண்டமாக இருக்கிறாள், நான் அவளைத் தொட்ட கையும் அரியண்டமாக இருக்கிறது, இத்தாலிய மொழியில் அது ஒரு இழுவையில் வந்தது, தடக்கவில்லை, நான் அதைத் தேடவேண்டியிருக்கவில்லை, தேய்ந்த படி மாதிரி இருந்தது, மிட்டாய்ச் சத்தம் நின்றது, அவர் களைப்பா என்று கேட்கவில்லை, கந்தோருக்குச் சொல்கிறேன் என்று சொல்லவில்லை, பிள்ளைக்கு ஏதும் செய்துவிடுவேனா என்று மட்டும் நேராகக் கேட்டார், இல்லை, ஓடிவிடத்தான் நினைக்கிறேன் என்றேன், பிறகு, மனப்பாடம்போல வந்த இந்த வசனத்தை முதலில் யாருடைய வாயில் இருந்து கேட்டீர்கள், என்று கேட்டார்.

யாருடைய வாய், பல் இல்லாத வாய், பல் கட்டிலடியில் ஒரு கண்ணாடிக் கோப்பைக்குள் கிடக்கிறது, ஜன்னலில் மழை, இல்லை, அது மழை இல்லை, அம்மா பஞ்சைப் பிழிகிறார், நான் அடுக்களைப் பளிங்கு மேசையில் வீட்டுப்பாடம் செய்கிறேன், மூத்திரமும் பவுடரும் உப்பில் ஊறிய கேப்பர் காயும் கலந்த மணம், அம்மா பராமரிக்கிற கிழவி, சிஞ்ஞோரா என்றுதான் நாங்கள் சொல்வோம், அம்மாவின் பெயர் புவனேஸ்வரி, அந்த வீட்டில் அவர் பினா, போன வேலைக்காரியின் பெயர் பினா, அதனால் இவரும் பினா, பிள்ளை, இஞ்ச வா, இந்தப் பேசினைப் பிடி, என்று அம்மா கூப்பிடுகிறார், நான் இரண்டு கையாலும் பிடிக்கிறேன், பேசினுக்குள் பார்க்காதே, பார்க்கிறேன், அம்மா சிஞ்ஞோராவைப் புரட்டித் துடைக்கிறார், மடிப்பு மடிப்பாகத் துடைக்கிறார், அவள் அம்மாவின் முகத்துக்கு நேரே, நீ எனக்கு அரியண்டம், உன்னுடைய கறுத்தக் கையும் அரியண்டம், என்கிறாள், தினமும் அதைத்தான் சொல்வாள், செபம்போல, அம்மாவுக்கு அப்போது அந்த மொழி தெரியாது, தலையை ஆட்டி, ஓம் சிஞ்ஞோரா, ஓம், என்று சிரிக்கிறார், என்ன பிள்ளை சொல்லுறா, என்று என்னிடம் கேட்கிறார், எங்கள் எல்லோருக்கும் அதுதானே வேலை, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள்தான் தாய் தகப்பனின் வாயும் காதும், நான் பேசினைப் பார்க்கிறேன், சிஞ்ஞோராவின் ஈறைப் பார்க்கிறேன், உங்கட கை சூடா நல்லா இருக்காம் அம்மா, என்கிறேன், அம்மாவின் முகம் மலர்கிறது, அந்தக் கையைச் சிஞ்ஞோராவின் முதுகில் இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருக்கிறார்.

அடுத்த நாளில் இருந்து அம்மா தொடுவதற்கு முன் சுடுதண்ணீர்க் குழாயில் கையைச் சூடாக்கிக்கொண்டார், கிழவி சாகும்வரை அப்படித்தான், கை சிவந்துபோகும், சூடு போகமுதல் ஓடிப்போய் அவளைத் தொடுவார், வீட்டுக்கு வந்து அதே கையால் சோறு பிசைந்து உருட்டி என் வாயில் வைப்பார், நான் விழுங்குவேன், விழுங்கிவிட்டு ஆ என்று காட்டுவேன், என்று ஃபுர்லானிடம் சொன்னேன், சொல்லும்போது என் கைகள் மடியில் பேசினைப் பிடிப்பதுபோல வளைந்திருந்தன, அவர் மூக்கைச் சீறினார், அழுதாரோ தடிமன் சளியோ, சீறிய கடுதாசியைச் சட்டைப்பைக்குள் வைத்தார், எனக்கு அதுவும் அரியண்டம், நீங்கள் மாற்றிச் சொன்னதை உங்கள் தாய் கடைசிவரை நம்பினாரா, என்று கேட்டார், எனக்குத் தெரியாது, பிந்திப் பிந்தி அம்மாவுக்கும் அந்த மொழி நன்றாக வந்துவிட்டது, சந்தையில் பேரம் பேசுவார், அந்த வசனம் விளங்காமல் இருந்திருக்க வழியில்லை, விளங்கிய பிறகும் கையைச் சூடாக்கினார், ஏன் என்று எனக்கு இதை எழுதும்போதும் தெரியவில்லை, எனக்காக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், ஒரு வேளை அவருக்கும் ஓங்காளித்திருக்கலாம், சிஞ்ஞோரா அவருக்கு அரியண்டமாக இருந்திருக்கலாம், அதை யாரிடம் எந்த மொழியில் சொல்லியிருப்பார், என்னிடமா, நான்தான் அவருக்கு மொழிபெயர்ப்பாளர். ஃபுர்லான் புத்தி ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த செவ்வாயும் வாருங்கள் என்றார், கதவடியில், ஞாயிற்றுக்கிழமை பிள்ளை போகிறாளா, என்று மட்டும் கேட்டார், நான் படியிறங்கினேன், டிராமில் என் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு ஒரு எழுத்தும் படிக்கவில்லை.

வீட்டில் மாமி பிள்ளையின் சட்டைகளை மடித்து அந்தப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார், கஜன் புட்டுக் கோப்பையோடு நின்றான், வகுப்பு எப்படி என்றான், நான் சப்பாத்தைக் கழற்றாமலே, வகுப்புக்குப் போகேல்லை, டாக்குத்தரிட்டப் போனனான், எனக்குக் களைப்பில்லை, பிள்ளையைத் தொட எனக்கு அரியண்டமா இருக்கு, ஆனா அவள் ஞாயிற்றுக்கிழமை எங்கேயும் போகேல்லை, என்றேன், தமிழில், என் சத்தம் சின்னதாகத்தான் வந்தது, நிலவறைக் குரல் வரவில்லை, கஜன் வாயில் இருந்ததை விழுங்காமல் தாயைப் பார்த்தான், மாமி ஒரு காலுறையின் சோடியைத் தேடிக்கொண்டே, எந்த டாக்குத்தர், தமிழோ, என்று கேட்டார், இத்தாலிக்காரி, என்றேன், அப்பச் சரி, என்றார், தமிழ்ச் சனத்துக்குள் கதை போகாது என்று அவருக்கு ஒரு பாரம் இறங்கியது தெரிந்தது, பிறகு நிமிர்ந்து, நான் போனால் ஆர் முழுக வாக்கிறது, என்றார். நான் வாக்கிறன். மூக்கைப் பொத்திக்கொண்டோ. ஓம் மாமி, பொத்திக்கொண்டுதான். மாமி என்னையே பார்த்தார், சிரிப்பாரோ ஏசுவாரோ என்று நின்றேன், இரண்டும் இல்லை, நாளைக்குப் பாப்பம், என்று சொல்லிக் காலுறையைப் பைக்குள் போட்டார், பையில் இருந்து எதையும் வெளியே எடுக்கவில்லை, கஜன் வாயில் இருந்ததை விழுங்கினான், அந்தத் தொண்டை ஏறி இறங்கியதைப் பார்க்க எனக்குக் குமட்டியது, ஆனாலும் பார்த்தேன்.

நாளை புதன்கிழமை. மாமி எழும்புவதற்கு முன் தண்ணீர் சுடவைத்து, பிள்ளைக்கு நான் முழுக வார்க்க வேண்டும், கால் மடிப்பையும் துடைக்க வேண்டும். சத்தி வந்தால் எடுக்க, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு வாளி வைக்க வேண்டும்.