பெங்கெல்லி செத்த தேதி

ஹொரஸ் பெங்கெல்லி செத்த பிறகு எண்பத்து மூன்று வருடம், வெள்ளிக்கிழமை தவறாமல், சாயங்காலம் ஐந்தரைக்குத் தன் வீட்டுக் கொசுவலைக் கதவுக்கு வெளியே வந்து நின்றார். ஆட்டு ரோமம் கத்தரிக்கிற வேலைக்கு 1938 ஆகஸ்டில் கிளம்பியவர், ஆறு வாரத்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பதின்மூன்று மாதம் கழித்து வந்தார். இறந்தவர்கள் மெதுவாகத்தான் நடப்பார்கள். அதற்குள் அவர் குவீன்ஸ்லாந்தில் ஒரு மதுக்கடைக்காரியோடு குடித்தனம் நடத்துவதாக எங்கள் ஊர் குராபின் முழுக்கப் பேச்சு. "வேலை முடிஞ்சு நேரா வர்றேன், ஹில்டா. நடுவுல தலை வலிச்சுது, கொஞ்சம் படுத்தேன், அவ்வளவுதான்" என்றார். "வருஷம் பூரா படுத்தியா? யார் பக்கத்துல?" என்று கேட்ட மனைவி ஹில்டா, கதவைத் திறக்கவே இல்லை.

அவருக்கு முப்பத்து நான்குக்கு மேல் வயது ஏறாததை வைத்து, மனிதர் செத்துப்போனவர்தான் என்று 1950 வாக்கில் ஊர் முடிவுக்கு வந்தது. எங்கே, எப்போது, யார் வீட்டில் என்பதுதான் தெரியவில்லை. 1971இல் ஹில்டா இறந்ததும் வீடும் வெள்ளிக்கிழமைகளும் மகள் எல்விக்கு வந்தன. மகள் தன்னைவிட மூத்தவளாகிவிட்டதால் ஹொரஸுக்கு அடையாளம் தெரியவில்லை. முதலில் "அக்கா" என்றும், அவளுக்குத் தலை நரைத்த பிறகு "அம்மா" என்றும் கூப்பிட்டு, எல்வி இருக்கிறாளா என்று பணிவாக விசாரிப்பார். "வெளிய போயிருக்கா" என்று சொல்லிவிட்டு அவள் ரேடியோவைச் சத்தமாக வைப்பாள். தொண்ணூறு வயதில் டாக்டர் அவள் இதயத்தைப் பற்றி இழுத்து இழுத்துப் பேசியபோதுதான் அவளுக்குப் பயம் வந்தது. அப்பா தன்னை விட்டு ஓடினாரா, தன்னிடம் வருகிற வழியில் செத்தாரா என்று தெரியாமலே போய்ச் சேர அவளுக்கு மனமில்லை.

பழைய ரயில் நிலையத்தில் எங்கள் குடும்ப வரலாற்றுச் சங்கத்தை நடத்துகிற நோலீனிடம் போனாள். "அவர்தான் வாரா வாரம் சொல்றாரே, நேரா வந்தேன்னு" என்றாள் நோலீன். "செத்தவங்க ஆயிரம் சொல்வாங்க. எழுத்துல காட்டு, கதவைத் திறக்கிறேன்" என்றாள் எல்வி. நோலீன் பெங்கெல்லியைப் பதினான்கு எழுத்துக்கூட்டலில், நான்கு மாநிலப் பதிவேடுகளில் தேடினாள். பென்கல்லி, பிங்கிலி, ஒரு பெங்குவின்கூட அகப்பட்டது. பதினோரு மாதம் கழித்துப் பொறுமையிழந்து, ஒரு வெள்ளிக்கிழமை நேராகப் போய் ஹொரஸையே கேட்டாள்: "ஏங்க, ரோமம் கத்தரிக்கிற கொட்டகையில உங்களை என்னன்னு கூப்பிடுவாங்க?" அவர் தொப்பியைக் கழற்றி, செக்கச்செவேல் என்றிருந்த தலையைச் சொறிந்துகொண்டு, "நீலன்னுதாங்க" என்றார். ஆறரை அடி ஆளைக் குட்டை என்றும் செம்பட்டைத் தலையனை நீலன் என்றும் கூப்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஹில்டாவுக்கு அந்தப் பெயர் பிடிக்காது, அதனால் வீட்டில் யாரும் சொன்னதில்லை. எண்பத்து மூன்று வருடத்தில் ஒருத்தருக்கும் இதைக் கேட்கத் தோன்றவில்லை என்பதை வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

மூன்றாம் வாரம் இறப்புப் பதிவு வந்தது. பூல்கரா கொட்டகை, 14 அக்டோபர் 1938. பெயர்: நீலன். குடும்பப் பெயர்: தெரியவில்லை. காரணம்: வெயில், வேலை முடிந்து வீட்டுக்கு நடந்துபோகையில். பெற்றோர், மனைவி, பிறந்த ஊர் எல்லாமே தெரியவில்லை. பிள்ளைகள் என்ற கட்டத்தில் மட்டும் போலீஸ்காரர் இடம் போதாமல் ஓரத்திலும் எழுதியிருந்தார்: 'எல்வி, வயது ஆறு, முன்பல் இரண்டும் விழுந்தவள், நன்றாக விசில் அடிப்பாள். கூட வேலை செய்த ஒன்பது பேரும் சொன்னது.'

எல்வி அதை நின்றபடியே படித்தாள், உட்கார்ந்து அழுதாள். வெள்ளிக்கிழமை ஐந்தரைக்குக் கதவைத் திறந்து தாளை அவர் கையில் கொடுத்தாள். "நான்தான்பா எல்வி. உள்ள வா."

ஹொரஸ் நிதானமாகப் படித்தார். தான் செத்த விஷயம் அவரைப் பெரிதாகப் பாதித்ததாகத் தெரியவில்லை. தாளை மடித்துவிட்டு, அந்தக் கிழவியின் முகத்தை வெகுநேரம் பார்த்தார்.

"பல்லு முளைச்சுதா, கண்ணு?"

"முளைச்சு, எல்லாம் விழுந்தும் போச்சுப்பா."

இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை கறிக்கடையில் எல்வி இரண்டு துண்டு கூடுதலாக வாங்குகிறாள். அப்பாவுக்குக் கொழுப்போடு வேண்டுமாம்.